லுவார் ஆற்றுக்கு எதிரே, காற்றோடு: ஆன்ஜேயிலிருந்து ஒர்லேயான் வரை ஆறு நாள் சைக்கிள் வழிகாட்டி

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டத் திட்டமிடுபவர்களில் பெரும்பாலானோர் ஒர்லேயானில் தொடங்கி மேற்கே, ஆறு ஓடும் திசையில் இறங்குகிறார்கள். ஆற்றோடு போனால் இறக்கம், இறக்கமென்றால் சுலபம் என்ற கணக்கு. ஆனால் ஒர்லேயானுக்கும் ஆன்ஜேவுக்கும் இடையே ஆறு இறங்குவது மொத்தமே 70-80 மீட்டர். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இந்தச் சரிவைக் கால் உணராது. கால் உணர்வது காற்றை. இந்தப் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்து, மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுகிறது. கரைமேட்டுச் சாலைகளில் மறைவுக்கு ஒரு மரம்கூட இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. மணிக்கு 25 கி.மீ. எதிர்காற்றில் மூட்டையோடு 60 கி.மீ. போவது அரைநாள் வேலை. அதே காற்று முதுகில் பட்டால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே ஆன்ஜேயில் தொடங்கி, ஆற்றுக்கு எதிரே கிழக்கு நோக்கிப் போங்கள். கோடையில் சில நாட்கள் கிழக்கிலிருந்தும் காற்று வரும்; அதை மாற்ற முடியாது. இந்தத் திசைக்கு இன்னொரு நல்ல பலனும் உண்டு: வரலாறு கிட்டத்தட்ட வரிசையாக வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கருங்கோட்டையில் புறப்பட்டு, ஜோன் ஆஃப் ஆர்க் நுழைந்த ஷினோன் வழியாக, போருக்குப் பயன்படாத, அழகுக்காகவே எழுந்த ஷாம்போர் வரை போகிறீர்கள். கோட்டை எப்படி அரண்மனை ஆனது என்பதைக் கல்லிலேயே பார்க்கலாம்.

எப்போது போவது

மே நடுப்பகுதி முதல் ஜூன் இறுதி வரை, அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்துக்கு மேல் ஒரு அரண்மனை பார்த்துவிட்டு நிதானமாக ஊர் சேரலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் வெப்ப அலையும். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் வெள்ளம் வந்தால் ஆற்றோரத் தாழ்வான பாதைகள் மூழ்கிவிடும். மே மாதத்தில் 1, 8 தேதிகளும் விண்ணேற்றப் பண்டிகையும் அரசு விடுமுறை. அந்த வாரங்களில் அறைகளை இரண்டு மூன்று மாதம் முன்பே பிடிக்க வேண்டும். ஒர்லேயானில் மே 8 ஜோன் ஆஃப் ஆர்க் விழா. அன்று முன்பதிவில்லாமல் போய் இறங்காதீர்கள்.

சைக்கிள், டயர், மூட்டை

லுவார் சைக்கிள் பாதை தார்ச்சாலையும் கெட்டிப்படுத்திய வெள்ளை மண்பாதையும் கலந்தது. நடுநடுவே பழைய படகுத்துறைகளில் கல் பாவிய தளம் வரும். பந்தய சைக்கிளில் போகலாம், ஆனால் 25 மி.மீ. டயரில் வேண்டாம். குறைந்தது 28, ஃபிரேமில் இடம் இருந்தால் 32 போடுங்கள்.

காற்றழுத்தம்: ஓட்டுபவர் 75 கிலோ, மூட்டை 8 கிலோ என்றால் 32 மி.மீ. டயருக்குப் பின்னால் 60, முன்னால் 55 பிஎஸ்ஐ. 28 மி.மீ. என்றால் பின்னால் 80, முன்னால் 72. இதற்கு அதிகம் ஏற்றினால் கல்தளத்தில் கை மரத்துப்போகும், மண்பாதையில் பின்சக்கரம் வழுக்கும். மிகக் குறைத்தாலும் தொல்லைதான்: கல் விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பாம்புக்கடி போல அருகருகே இரண்டு துளை விழும். பஞ்சர் ஆனதும் துளை எங்கே என்று பாருங்கள். அருகருகே இரண்டு என்றால் காற்று போதவில்லை. டயரைத் தொடும் பக்கத்தில் ஒன்று என்றால் முள்ளோ கண்ணாடியோ. டயரின் உட்புறத்தைக் கைக்குட்டையால் தடவி அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் மறுபடி இறங்கும். ரிம் பக்கம் துளை என்றால் ரிம் டேப் விலகியிருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், ஒட்டும் பேட்ச், டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, மல்டிடூல், உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் செயின் இணைப்பு ஒன்று, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய டயர், டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரயிலில் சைக்கிள் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு என்பதால் சிற்றூர்க் கடையில் கிடைக்காது.

மூட்டை எட்டு கிலோவுக்குள் அடங்கட்டும். கார்பன் ஃபிரேமில் கேரியர் பொருத்தத் துளை பெரும்பாலும் இருக்காது. இருக்கைக்குப் பின்னால் கட்டும் 10-14 லிட்டர் பையும் ஹேண்டில்பார் பையும் போதும். இரண்டு ஜோடி ஓட்டும் உடை, ஒரு மாலை உடை, மழைச் சட்டை, மெல்லிய ஜாக்கெட்.

காலணி முக்கியம். மூன்று திருகு கிளீட் (காலணியைப் பெடலோடு பூட்டும் அடித்துண்டு) வெளியே துருத்தும் பந்தயக் காலணியோடு 500 ஆண்டுத் தேய்மானம் கண்ட சுழல்படிகளில் ஏறுவது ஆபத்து. உங்களுக்கும் சரி, படிக்கும் சரி. இந்தப் பகுதியின் கட்டடங்கள் எழுந்தது ‘தூஃபோ’ என்ற வெண்சுண்ணக் கல்லில். நகம் பட்டால் கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. கிளீட் உள்ளே பதிந்திருக்கும் இரண்டு திருகுக் காலணி போடுங்கள், அல்லது சாதாரண பெடலில் ஓட்டுங்கள்.

கியர்: முன்னால் 34 பல், பின்னால் 30 அல்லது 32 இருந்தால் எந்த ஏற்றமும் ஏறும். மலை கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் 50-80 மீட்டர் உயரக் குறுஏற்றங்கள்தான், ஆனால் சில இடங்களில் சுருக்கென்று செங்குத்தாக இருக்கும்.

வாடகைக்கு எடுப்பதானால் ஒரு நகரில் எடுத்து இன்னொரு நகரில் விடும் வசதி இந்தப் பாதையில் உண்டு. கிடைப்பவை பெரும்பாலும் நிமிர்ந்து ஓட்டும் சுற்றுலா சைக்கிள்கள்; பந்தய சைக்கிள் வேண்டுமென்றால் வெகு முன்பே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

வலப்பக்கச் சாலை: விபத்து எங்கே பிறக்கிறது

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் பிரான்சில் தவறுவது நெரிசலில் இல்லை. நெரிசலில் மற்ற வண்டிகளைப் பார்த்தே சரியாக ஓட்டிவிடுவார். காலியான கிராமச் சாலையில், தண்ணீர் குடிக்க நின்று மறுபடி ஏறும் அந்த நொடியில்தான் கை பழைய பக்கம் போகிறது. ஹேண்டில்பாரின் வலது முனையில் சிவப்பு நாடா ஒன்று சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதைப் பாருங்கள்.

வாடகை சைக்கிளில் இன்னொரு பொறி. அங்கே இடது கை முன் பிரேக், வலது கை பின் பிரேக். இந்தியாவிலும் இலங்கையிலும் வழக்கம் நேர்மாறு. அவசரத்தில் பழக்கத்தால் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டி ஆள் முன்னே பறப்பார். கடை வாசலிலேயே மெதுவாக ஓட்டி நாலைந்து முறை இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பழகுங்கள்.

வலப்பக்க முன்னுரிமை விதியைப் புரிந்துகொள்ளாமல் கிராமங்களுக்குள் நுழையாதீர்கள். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை, அது எவ்வளவு சின்னச் சந்திலிருந்து வந்தாலும். அவர் நிற்கமாட்டார்; நீங்கள் நிற்க வேண்டும். வெள்ளைக் கரையிட்ட மஞ்சள் வைரப் பலகை கண்டால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகையின் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் அது முடிந்தது. ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டு நுழைய வேண்டும்.

மணி, ஒளிபிரதிபலிப்பான்கள் கட்டாயம். இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் முன்பின் விளக்கு வேண்டும். அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டையும் போட வேண்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், பெரியவர்களும் போடுங்கள். காதில் இயர்போன் வைத்து ஓட்டினால் 135 யூரோ அபராதம். மது அளவு வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதை என்பதால் இதை நினைவில் வையுங்கள். காரோட்டிகள் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட்டே உங்களைக் கடக்க வேண்டும், பெரும்பாலும் விடுவார்கள்.

பெயர்ப்பலகைகளைப் படிக்க ஒரு குறிப்பு: பிரெஞ்சு ஊர்ப்பெயர்களில் கடைசி எழுத்துகள் பல ஒலிக்காது. இங்கே உள்ள பெயர்கள் ஒலிப்பை ஒட்டியவை. புறப்படுமுன் ஊர்ப்பட்டியலை வரைபடத்தில் பார்த்து, எழுத்து வடிவத்தை ஒரு தாளில் குறித்து ஹேண்டில்பார் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை முழுக்க லுவார் சைக்கிள் பாதைச் சின்னமும், நீலப் பின்னணியில் மஞ்சள் நட்சத்திரங்கள் சூழ்ந்த 6 என்ற எண்ணும் வரும். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவேலோ 6 இதுதான். ‘ரூத் பாரே’ என்றால் சாலை அடைப்பு. ‘சோஃப் வேலோ’ என்று கீழே எழுதியிருந்தால் அந்தத் தடை சைக்கிளுக்கு இல்லை.

தண்ணீரும் சாப்பாடும்

கிராமங்களில் கடைகள் குறைவு. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். பிரான்சில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லாரும் நம்பும் வழி இது. ‘நோன் போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. வாயிற்கதவைத் திறந்த மாதிரியே சாத்திவிட்டு வாருங்கள்.

உணவகச் சமையலறை பகல் 12 முதல் 2 வரை, மாலை 7-க்குப் பிறகு. இரண்டரைக்குப் போய் உட்கார்ந்தால் காபி மட்டும்தான். ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல கடைகள் மூடியிருக்கும். எனவே காலையில் அடுமனை திறந்ததும் அன்றைய பகலுக்கான ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிவிடுங்கள். சைவர்களுக்குச் சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாலட், ஆம்லெட், சோமூர் பக்கத்தில் ‘ஃபுவே’ என்ற உப்பிய சிறு ரொட்டி கிடைக்கும். ஃபுவேக்குள் காளான், வெண்மொச்சை வைத்துத் தருவார்கள். பன்றி இறைச்சி விழுது வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எங்கே போனாலும் முதல் சொல் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் அங்கே முரட்டுத்தனம்.

தங்க: ‘அக்கேய் வேலோ’ என்ற பச்சை முத்திரை உள்ள விடுதிகள் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் தருவார்கள்.

நாள் 1: ஆன்ஜே – சோமூர், 55-60 கி.மீ.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஆன்ஜே ஒன்றரை மணி நேரம். சைக்கிளைக் கழற்றி 130×90 செ.மீ. பைக்குள் அடக்கினால் மூட்டையாகவே கொண்டுபோகலாம். முழு சைக்கிளுக்கு இடமுள்ள வண்டிகளில் முன்பதிவு வேண்டும். முந்தைய மாலையே போய்ச் சேருங்கள். காலையில் கோட்டை: கரும்பலகைக் கல்லில் வெண்கல் பட்டை ஓடும் 17 கோபுரங்கள். உள்ளே பைபிளின் உலக முடிவுக் காட்சிகளைச் சித்திரிக்கும் 14-ஆம் நூற்றாண்டின் அப்போகலிப்ஸ் திரைச்சீலை, எஞ்சியது மட்டுமே சுமார் 100 மீட்டர் நீளம். இருட்டறையில் கண் பழக நேரமெடுக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு திரேலாசே வழியாக ஆற்றுக்கு. பள்ளத்தாக்கின் அரண்மனைக் கூரைகள் பலவற்றுக்கும் கறுப்புப் பலகைக்கல் கொடுத்த சுரங்கங்கள் இங்கேதான், 2013-இல் மூடப்பட்டன. வடகரையில் டி952 நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடும். அதை விட்டுச் சைக்கிள் பாதையிலேயே இருங்கள். ஜென் பாலத்தில் தென்கரைக்கு மாறினால் கூனோ கிராமத்தில் ரோமானெஸ்க் பாணித் தேவாலயம். தூண்களின் தலைப்பகுதிச் சிற்பங்கள் உயரத்தில் இருக்கின்றன; சிறு தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

நாள் 2: சோமூர் – ஃபொந்தவ்ரோ – ஷினோன், 45 கி.மீ.

தூரம் குறைவு, பார்ப்பது அதிகம். சோமூரைத் தாண்டியதும் பாதை சூசே-ஷாம்பின்யியில் பாறைக்குள் குடைந்த தெரு வழியாகவே போகிறது. விளக்கைப் போட்டு, குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். வெயிலிலிருந்து திடீரென்று இருட்டு. கல்லை வெட்டியெடுத்த குகைகளில் பிறகு மக்கள் குடியிருந்தார்கள், காளான் வளர்த்தார்கள், ஒயின் பதுக்கினார்கள்.

மோன்சொரோவிலிருந்து தெற்கே 5 கி.மீ. ஏறினால் ஃபொந்தவ்ரோ மடம். 1101-இல் நிறுவப்பட்டது, ஆண் துறவிகளும் இருந்த இந்த மடத்தை ஆண்டவர் தலைமைக் கன்னியாஸ்திரீ. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, அரசி எலியனோர், அவர்கள் மகன் ரிச்சர்ட் மூவரின் படுத்த நிலைச் சிலைகளும் தேவாலய நடுவில் இருக்கின்றன. மற்றவர்கள் கண்மூடிக் கிடக்க, எலியனோர் கையில் திறந்த புத்தகம். 1804 முதல் 1963 வரை இந்த இடம் சிறைச்சாலை. இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துப் பார்க்காதீர்கள். ஆறு நாளில் ஒரே இடம்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

திரும்பி இறங்கி, வியென் ஆறு லுவாரில் கலக்கும் கான்த்-சேன்-மர்த்தான் வழியாக ஷினோன். கோட்டைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறாமல் விடுதியில் விட்டுவிட்டு நடந்து போங்கள். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் ஏழாம் சார்லஸைச் சந்தித்தது இங்கே.

நாள் 3: ஷினோன் – தூர், 60-65 கி.மீ.

ஷினோன் காட்டை ஊடறுக்கும் டி751 குறுக்குவழிபோலத் தெரியும். கார்கள் வேகமாக வரும், ஓரம் இல்லை. யூசே வழியாகச் சுற்றுங்கள். யூசேக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆற்றோடு லான்ஜே போனால், தினமும் இறக்கி ஏற்றும் தூக்குபாலத்தோடு 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டை. 1491-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸுக்கும், அப்போது தனி ஆட்சியாக இருந்த மேற்குப் பகுதியான பிரித்தானியின் (பிரிட்டன் அல்ல) கோமகள் ஆனுக்கும் திருமணம் நடந்து பிரித்தானி பிரான்சோடு சேரத் தொடங்கிய இடம். தெற்கே ரிவரேன் வழியாகப் போனால் ஆந்த்ர் ஆற்றின் நடுவே நிற்கும் அஸே-ல-ரிதோ. வரலாறு வேண்டுமென்றால் முதலாவது, கண்ணுக்கு வேண்டுமென்றால் இரண்டாவது. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் விலாந்த்ரி போய்விடும். அது நடக்கக் கூடாது. விலாந்த்ரியில் காய்கறிகளையே கோலம்போல் கட்டம் கட்டி நட்டிருக்கிறார்கள். 1906-இல் இதை வாங்கிய ஹோவாகின் கர்வாயோ மீட்டெடுத்த தோட்டம் இது. தரையிலிருந்து பார்த்தால் வடிவம் தெரியாது, மேல்தளத்துக்கு ஏறுங்கள். அங்கிருந்து தூர் 20 கி.மீ., சமதளம்.

நாள் 4: தூர் – அம்புவாஸ் – ஷெனோன்சோ, 55-60 கி.மீ.

மோன்லூயி வழியாக அம்புவாஸ் 28 கி.மீ. மூட்டையை விடுதியில் இறக்கிவிட்டு குளோ லூசே மாளிகை. லியோனார்டோ டா வின்சி கடைசி மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1519 மே 2-இல் இறந்த வீடு. அவர் கல்லறை மேலே கோட்டைச் சிற்றாலயத்தில். ஷெனோன்சோவுக்கு மூன்று மணிக்கு மேல் புறப்படுங்கள். காட்டு மேடேறி 15 கி.மீ. நடுப்பகலில் பேருந்துக் கூட்டம் நெரியும். நாலரைக்கு மேல் தளர்ந்துவிடும். கடைசி நுழைவு நேரத்தை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். ஷேர் ஆற்றின்மேல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் காதலி டியான் த புவாத்தியே பாலம் கட்ட, அதன்மேல் அவர் அரசி கேத்தரின் தெ மெதிசி கூடம் எழுப்பினார். முதல் உலகப்போரில் அந்தக் கூடம் மருத்துவமனை. இரண்டாம் போரில் ஆறே எல்லைக்கோடு: ஒரு வாசல் ஜெர்மானியர் பிடியில், மறுவாசல் அவர்கள் பிடிக்கு வெளியே. அம்புவாஸுக்குத் திரும்பும் வழி காடு என்பதால் விளக்கை மறக்காதீர்கள்.

நாள் 5: அம்புவாஸ் – புளுவா, 45 கி.மீ.

தென்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கும் பாதை. ஆறு நாளில் தொடை வலிக்கும் நாள் இதுதான். ஷோமோனில் தோட்டக்கலை விழா 1992 முதல் ஆண்டுதோறும், ஏப்ரல் முதல் இலையுதிர்காலம் வரை. புளுவா அரண்மனை முற்றத்தில் நடுவில் நின்று சுற்றிலும் பாருங்கள்: நான்கு காலத்துக் கட்டடம் நான்கு பக்கமும். மன்னருக்குப் போட்டியாக வளர்ந்த கீஸ் கோமகன் 1588 டிசம்பர் 23-இல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் ஆணையால் கொல்லப்பட்டதும் இங்கே.

நாள் 6: புளுவா – ஷாம்போர் – ஒர்லேயான், 80 கி.மீ.

விடியலிலேயே கிளம்புங்கள், ஷாம்போர் 18-20 கி.மீ., ஒன்பதுக்குத் திறக்கும். 32 கி.மீ. மதிலுக்குள் 5,440 ஹெக்டேர் காடு. காலையில் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும், வேகத்தைக் குறையுங்கள். பிரான்சுவா மன்னர் 1519-இல் தொடங்கியது. நடுவிலிருக்கும் இரட்டைச் சுழல்படியில் ஒருவர் ஏற ஒருவர் இறங்கலாம், எதிர்ப்படாமல். இருவராகப் போனால் ஆளுக்கொரு வாசலில் ஏறிப் பாருங்கள். சைக்கிளை நிறுத்துமிடத்தில் ஃபிரேமும் இரு சக்கரமும் சேர்த்துப் பூட்டி, பையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பதினொன்றரைக்குள் கிளம்பினால் மீதி 60 கி.மீ. எளிது. ஷாம்போருக்குக் கல் வந்திறங்கிய துறையான சேன்-தியே, பழைய பாலத்தோடு போஜான்சி, பிறகு மங். ஒர்லேயான் நெருங்கும்போது சைக்கிள் பாதையில் நடப்பவர்களும் குழந்தைகளும் அதிகம். மணியடித்து மெதுவாகக் கடங்கள். ஒர்லேயானிலிருந்து பாரிஸ் ஒஸ்தர்லிட்ஸுக்கு வட்டார ரயிலில் ஒரு மணி நேரம்தான், சைக்கிளைக் கழற்றாமலே ஏற்றலாம். சில வண்டிகளில் சைக்கிளுக்கும் முன்பதிவு கேட்பார்கள். ஞாயிறு மாலை வண்டிகளில் கொக்கிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பாரிசில் லா ஷப்பல் பக்கம் வசிக்கும் தமிழர்கள் இதே ரயிலில் வெள்ளிக்கிழமை இரவு புளுவா வந்து, கடைசி நாளை மட்டும் இரண்டாகப் பிரித்து, போஜான்சியில் ஓர் இரவு தங்கியும் ஓட்டலாம்.